போலி புரூஸ் லீ படங்கள்: காசும் பொழுதும் வீணாகாமல் தொடங்குவது எப்படி?

புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் இறந்தார். அப்போது வயது 32. ஆள் போய்விட்டார், அவர் பெயருக்கு இருந்த வசூல் மட்டும் போகவில்லை. ஹாங்காங், தைவான், தென்கொரியா என்று பல இடங்களிலும் இருந்த சிறு தயாரிப்பாளர்கள் அவரைப் போல முடி வெட்டி, அவரைப் போல மூக்கைத் துடைத்து, அவரைப் போலக் கத்தத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து மளமளவென்று படம் எடுத்துத் தள்ளினார்கள். ரசிகர்கள் 'புரூஸ்பிளாய்டேஷன்' என்று சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். வரலாறு இவ்வளவு போதும்.

இந்தப் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டு இறங்குகிறவர் முதலில் முட்டிக்கொள்வது பெயரில்தான். ஒரே படத்துக்கு நாலு பெயர் இருக்கும். ஒரே பெயரில் மூன்று படம் இருக்கும். அட்டையில் ஒருவர் உதைப்பார், உள்ளே வேறொருவர் உதைப்பார். எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே காசு கட்ட வேண்டியிருக்கும். நிறையக் குழம்பிய பிறகு நான் வைத்துக்கொண்ட வழிமுறை இது. இதே வரிசையில் போனால் உங்களுக்கு அந்த அலைச்சல் குறையும்.

1. முதலில் அசலை முடியுங்கள்

போலியைப் பார்த்துச் சிரிக்கவோ வியக்கவோ அசல் கண்ணில் நிற்க வேண்டும். நான்கு படங்கள் போதும்: த பிக் பாஸ் (1971), ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி (1972), த வே ஆஃப் த டிராகன் (1972), என்டர் த டிராகன் (1973). வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். போலிப் படங்களில் பாதிக்கு அதுதான் மூலக் கதை: குருவைக் கொன்றுவிட்டார்கள், சீடன் பழிவாங்க வருகிறான், வில்லன்கள் ஜப்பானியர்கள்.

கேம் ஆஃப் டெத் (1978) இந்த நான்கில் சேராது. அதை மூன்றாம் படிக்கு ஒதுக்கி வையுங்கள்.

2. நாலு முகங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

நூற்றுக்கணக்கான பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். பெரும்பாலான படங்களில் திரும்பத் திரும்ப வருபவர்கள் நாலு பேர்தான். இவர்களின் சொந்தப் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் பிறகு உங்களைக் காப்பாற்றும். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டும்போது ஒன்றிரண்டு எழுத்துகள்தான் மாறும் என்பதால், இந்தக் கட்டுரையில் அசலை 'லீ' என்றும் மற்றவர்களை 'லி', 'லே' என்றும் எழுதுகிறேன்.

புரூஸ் லி. சொந்தப் பெயர் ஹோ சுங்-தாவ், தைவான்காரர். ஆங்கிலத்தில் எல், ஐ. நாலு பேரில் நடிக்கத் தெரிந்தவர் என்று நான் சொல்வது இவரைத்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பக்கவாட்டில் நின்றால் ஒரு நொடி ஏமாந்துவிடுவோம். புரூஸ் லீயின் வாழ்க்கைக் கதை என்று வந்த பல படங்களில் நாயகன் இவர்தான். இந்தப் பெயர் அவருக்கே பிடிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் சொந்தப் பெயரில் படம் இயக்கினார், பிறகு நடிப்பையே விட்டுவிட்டார்.

புரூஸ் லே. எல், இ. சொந்தப் பெயர் ஹுவாங் கின்-லுங், பர்மாவில் பிறந்தவர். ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் பட நிறுவனத்தில் சிறு வேடங்கள் செய்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். உடற்கட்டும் கை வேகமும் அசலுக்கு ஓரளவு கிட்டத்தில் இருக்கும். மூக்கை விரலால் துடைக்கும் பழக்கத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே செய்வார்.

டிராகன் லீ. கொரியர், சொந்தப் பெயர் மூன் கியோங்-சோக். சட்டையைக் கழற்றாமல் ஒரு சண்டை கூட முடியாது. முகபாவம் எல்லாம் இரண்டு மடங்கு. இவர் படங்களில் கதையைத் தேடாதீர்கள்.

புரூஸ் லியாங். அட்டைகளில் புரூஸ் லியுங் என்றும் இருக்கும். சீனத் திரைப் பெயர் லியுங் சியு-லுங். இவர் உண்மையிலேயே அபாரமாக உதைப்பவர், யாரையும் பின்பற்றத் தேவையே இல்லாதவர். குங் ஃபூ ஹஸில் (2004) பார்த்திருந்தால் இவரை உங்களுக்குத் தெரியும். அதில் செருப்போடு வரும் வழுக்கைத் தலைக் கிழட்டு வில்லன் இவர்தான்.

இவர்களைத் தவிர புரூஸ் லாய், புரூஸ் தாய், புரூஸ் கே. எல். லீ என்று ஒரு படை உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நாலு பேரின் சொந்தப் பெயர்களும் சீன எழுத்திலோ கொரிய எழுத்திலோ எப்படி இருக்கும் என்று தேடி, அதைப் படமாக எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரை விநியோகஸ்தர் இஷ்டத்துக்கு மாற்றுவார். மூல மொழி எழுத்து டைட்டிலில் மிச்சம் இருந்தால் அது பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

3. பெயர்ப் பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் பேர் விழும் குழி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் பொறி, அசல் படங்களின் அமெரிக்கப் பெயர்கள். த பிக் பாஸ் படம் அமெரிக்காவில் 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃபியூரி' என்று போனது. அசலான ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி அங்கே 'த சைனீஸ் கனெக்‌ஷன்' ஆகிவிட்டது. த வே ஆஃப் த டிராகன் அங்கே 'ரிட்டர்ன் ஆஃப் த டிராகன்'. ஆகவே 'ஃபியூரி' என்று அட்டையில் பார்த்ததும் வாங்காதீர்கள். ஒரு 'எஸ்' கூடியிருந்தால் அது வேறு படம். இதே குழப்பம் அடுத்த பாகங்களுக்கும் தொடர்கிறது. புரூஸ் லி நடித்த ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி 2 (1977) சில பதிப்புகளில் 'சைனீஸ் கனெக்‌ஷன் 2' என்று கிடைக்கும். இரண்டும் ஒரே படம்தான்.

இரண்டாவது பொறி, கேம் ஆஃப் டெத். புரூஸ் லீ 1972-இல் கொஞ்சம் எடுத்துவிட்டு, என்டர் த டிராகன் வாய்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்த படம் இது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீரன், மஞ்சள் டிராக் சூட், கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பாரோடு சண்டை என்று புகைப்படங்கள் வெளியே வந்துவிட்டன. போதாதா? அந்த மஞ்சள் உடையை வைத்தே ஆளாளுக்கு ஒரு படம் எடுத்தார்கள். உங்கள் கையில் இருப்பது எது என்று இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

1975 என்று போட்டு, புரூஸ் லி மஞ்சள் உடையில் கோபுரம் ஏறினால் அது 'குட்பை புரூஸ் லீ: ஹிஸ் லாஸ்ட் கேம் ஆஃப் டெத்'. 'த நியூ கேம் ஆஃப் டெத்' என்பதும் இதுவே. 1978-இல் புரூஸ் லே ஏறினால் 'என்டர் த கேம் ஆஃப் டெத்'. 1981 என்றால் 'கேம் ஆஃப் டெத் 2', அதற்கு 'டவர் ஆஃப் டெத்' என்றும் பெயர். 1978-இல் கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற ஹாங்காங் நிறுவனம் வெளியிட்ட, இயக்குநர் ராபர்ட் க்ளவுஸ் முடித்துக் கொடுத்த கேம் ஆஃப் டெத்தான் 'அதிகாரபூர்வமானது'. அதிலும் லீ அந்தப் படத்துக்காக எடுத்த சண்டை சுமார் 11 நிமிடம்தான். மற்ற நேரத்தில் கிம் தாய்-சுங் என்ற கொரியர் கறுப்புக் கண்ணாடியோடு நடமாடுவார், குட்டிக்கரணங்களுக்கு யுவன் பியாவ் வருவார். ஒரு காட்சியில் கண்ணாடியில் தெரியும் உடம்பின் மேல் லீயின் முகத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். லீயின் உண்மையான இறுதி ஊர்வலத்தையும் கதைக்குள் சேர்த்திருப்பார்கள். என் கணக்கில் இதுவும் போலிப் படம்தான், பெரிய நிறுவனத்தின் முத்திரை இருப்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மூன்றாவது பொறி, படத்துக்கும் புரூஸ் லீக்கும் சம்பந்தமே இல்லாத அட்டை. 'புரூஸ் லீ ஃபைட்ஸ் பேக் ஃப்ரம் த கிரேவ்' என்ற 1976 படத்தின் போஸ்டரில் லீ கல்லறையிலிருந்து பாய்ந்து வந்து சாவின் தேவதையோடு சண்டை போடுவார். உள்ளே இருப்பது கொரிய இயக்குநர் லீ டூ-யோங், அமெரிக்கா போகும் ஒருவனைப் பற்றி எடுத்த பழிவாங்கும் கதை. தொடக்கத்தில் கல்லறையில் மின்னல் விழுந்து ஒரு ஆள் வெளியே குதிக்கும் துண்டை மட்டும் விநியோகஸ்தர் எடுத்து ஒட்டிக்கொண்டார். அந்தத் துண்டு முடிந்ததும் போஸ்டருக்கும் படத்துக்கும் உறவு முடிந்தது.

நான்காவது, ஒட்டுப்போட்ட படம். 'த ரியல் புரூஸ் லீ' என்று வாங்கினால், முதலில் லீ சிறுவனாக நடித்த பழைய ஹாங்காங் படத் துண்டுகள் வரும், அப்புறம் டிராகன் லீ படம் ஒன்று ஓடும். 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியர், டச் ஆஃப் டெத்' (1980) இன்னும் மோசம். லீயின் பழைய கறுப்பு-வெள்ளைக் குடும்பப் படம் ஒன்றின் காட்சிகளை எடுத்து, வாயில் வேறு வசனம் போட்டு, நியூயார்க்கில் நடந்த கராத்தே போட்டியோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே இதைப் பார்த்தால் இந்தப் பக்கமே திரும்ப மாட்டீர்கள். கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடையாளக் குறிப்பு

வாங்குவதற்கு முன்னால் ஒரு எக்செல் தாளோ நோட்டுப் புத்தகமோ திறந்து, படத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். இது இல்லாமல் இணையத்தில் வாங்க இறங்கினால் ஒரே படத்தை இரண்டு பெயரில் வாங்குவது கிட்டத்தட்ட நிச்சயம். எழுத வேண்டியவை: அட்டையில் உள்ள பெயர், மற்ற பெயர்கள், ஆண்டு, தயாரான இடம், நாயகனின் சொந்தப் பெயர், இயக்குநர், ஓடும் நேரம், படச் சட்டம் அகலமா சதுரமா.

தகவலுக்கு ஐஎம்டிபி என்ற இணையத் திரைப்படத் தரவுத்தளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹாங்காங், தைவான் படங்களுக்கு 'ஹாங்காங் மூவி டேட்டாபேஸ்' நல்லது, அதில் மூல மொழிப் பெயரும் இருக்கும். டிராகன் லீ படமென்றால் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் தரவுத்தளத்தையும் பாருங்கள். காரணம் இருக்கிறது. கொரியாவில் எடுத்த படங்களை ஹாங்காங் நிறுவனங்கள் வாங்கி, ஆங்கிலத்தில் டப்பிங் செய்து, நடிகர் பெயரிலிருந்து இயக்குநர் பெயர் வரை மாற்றி வெளிநாட்டுக்கு விற்றன. 'காட்ஃப்ரே ஹோ' என்ற பெயர் இயக்குநர் இடத்தில் இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுக் கொரியப் பதிவைத் தேடுங்கள். பல தடவை வேறு இயக்குநர் கிடைப்பார்.

ஓடும் நேரம் எதற்கு? இரண்டு பெயர்களில் இருப்பது ஒரே படமா என்று பார்க்க அது நல்ல துப்பு. ஆனால் ஒரு விஷயம். ஐரோப்பிய 'பால்' முறை டிவிடிகளில் படம் நொடிக்கு 24 சட்டங்களுக்குப் பதில் 25 ஆக ஓடும். அதனால் 90 நிமிடப் படம் 86 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். நான்கு நிமிடம் குறைகிறதே, வெட்டிவிட்டார்களோ என்று பதற வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிரிட்டிஷ் பழைய பதிப்புகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. நுன்சாக்கு என்ற, சங்கிலி கோத்த இரட்டைக் கட்டையைத் திரையில் காட்டுவதை அந்த நாட்டுத் தணிக்கை வாரியம் 1990-களின் இறுதி வரை வெட்டிக்கொண்டிருந்தது. புரூஸ் லீயைப் போலச் செய்யும் படத்தில் நுன்சாக்கு இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தக் கால பிரிட்டிஷ் விஎச்எஸ்ஸிலிருந்து எடுத்த பிரதி என்று தெரிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

5. எந்தப் படத்தில் தொடங்குவது

இது என் வரிசை. நீங்கள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் இரண்டையும் மாற்றாதீர்கள்.

முதலில் 'புரூஸ் லீ: த மேன், த மித்' (1976). புரூஸ் லி நடிப்பு, இங் சீ-யுவன் இயக்கம். இந்த இயக்குநரின் சீஸனல் நிறுவனம்தான் பிறகு ஜாக்கி சானை வைத்து டிரங்கன் மாஸ்டர் (1978) எடுத்தது. ஆகவே சண்டை தெரிந்த கை. வாழ்க்கை வரலாற்றுப் போலிகளில் இதுதான் ஒழுங்கானது. அடுத்து ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி 2. அசலில் இறந்த நாயகனின் தம்பி வருகிறான், எதிரில் வில்லனாக லோ லியே என்ற நடிகர். இந்த இரண்டும் பிடிக்கவில்லையென்றால் இந்தச் சமாசாரம் உங்களுக்கு ஒத்துவராது. காசு மிச்சம்.

மூன்றாவது 'டைனமோ' (1978). ஒரு டாக்ஸி டிரைவரை விளம்பரக் கம்பெனி பிடித்து அடுத்த புரூஸ் லீயாக்கப் பார்க்கிறது. நாயகன் புரூஸ் லி. தன் பிழைப்பைத் தானே கேலி செய்துகொள்ளும் படம், இந்த வகையிலேயே எனக்குப் பிடித்தது. இதோடு குண்டு உடம்புச் சண்டை நடிகர் சாமோ ஹுங்கின் 'என்டர் த ஃபேட் டிராகன்' (1978) படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதில் படப்பிடிப்புத் தளத்தில் நடிக்கும் ஒரு போலி புரூஸ் லீக்கு சாமோ கொடுக்கும் அடி, இந்த வியாபாரத்துக்கே கொடுத்த அடி. உடம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், லீயை மிகச் சரியாகப் பிடித்தவர் அவர்தான்.

பிறகு பைத்தியக்காரத்தனம். 'த டிராகன் லிவ்ஸ் அகெய்ன்' (1977) படத்தில் செத்துப்போன புரூஸ் லீ எமலோகம் போகிறார். அங்கே டிராகுலா, ஜேம்ஸ் பாண்ட், ஜப்பானியப் படங்களின் குருட்டு வாள்வீரன் ஸாடோய்ச்சி, காட்ஃபாதர் எல்லாரும் இருக்கிறார்கள். பாப்பாய் கூட இருக்கிறார். நாயகன் புரூஸ் லியாங். அதன் பிறகு 'த க்ளோன்ஸ் ஆஃப் புரூஸ் லீ' (1980). விஞ்ஞானி ஒருவர் லீயின் உடலிலிருந்து மூன்று பிரதிகள் தயாரிக்கிறார், புரூஸ் லேயும் டிராகன் லீயும் அவற்றில் இருவர்.

இவற்றுக்குப் பிறகு 'என்டர் த க்ளோன்ஸ் ஆஃப் புரூஸ்' (2023) என்ற ஆவணப்படத்தைப் பாருங்கள். டேவிட் கிரிகரி இயக்கியது. இரண்டாம் படியில் சொன்ன நாலு பேரும் தாங்களே பேசுகிறார்கள். முன்னாலேயே பார்த்தால் நல்ல காட்சிகளையெல்லாம் துண்டு துண்டாகப் பார்த்துவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய சண்டைப்படம்தானே என்று குழந்தைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். புரூஸ் லே படங்கள் சிலவற்றில் நிர்வாணக் காட்சிகள் திடீரென்று வரும், 'சேலஞ்ச் ஆஃப் த டைகர்' (1980) அதற்கு நல்ல உதாரணம். வாழ்க்கைக் கதை என்று வரும் படங்கள் பலவற்றில் லீயின் உண்மையான இறுதிச் சடங்குக் காட்சிகளும் இருக்கும்.

6. இலவசமாகப் பார்ப்பதும் உரிமையும்

யூடியூபில் நிறையக் கிடைக்கும். 'பொதுவுடைமையாகிவிட்டது' என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1978 படமென்றால் 2038 முடியும் வரை. நீங்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் காட்சிகளை வெட்டி உங்கள் சேனலில் போட்டுச் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

இலவசப் பிரதியை 'மாதிரி பார்க்க' மட்டும் பயன்படுத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் ஓட்டி, டைட்டிலில் உள்ள பெயரையும் முகத்தையும் உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுவிட்டு, பிடித்தால் நல்ல பிரதி தேடலாம். இந்தப் படங்களில் பெரும்பாலானவை அகலத் திரைக்கு எடுத்தவை. இலவசப் பிரதிகள் சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் நறுக்கியவை. இருவர் சண்டை போடும்போது ஒருவருடைய முழங்கை மட்டும் தெரிந்தால் காரணம் அதுதான். ஸ்டண்ட் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள்.

டப்பிங் பற்றி: அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் சத்தம் எல்லாம் பிறகு சேர்த்ததே. மாண்டரின் பதிப்பிலும் வாய் ஒட்டாது. பல படங்களுக்கு இன்று கிடைப்பது ஆங்கில டப்பிங் மட்டும்தான். மூல மொழி வேண்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

7. டிஸ்க் வாங்குவதற்கு முன் மண்டலம் பாருங்கள்

மண்டலம் என்பது, எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று தீர்மானிக்கும் பூட்டு. டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம். அமெரிக்கா, கனடா 1, பிரிட்டனும் மேற்கு ஐரோப்பாவும் 2, ஹாங்காங் 3. ப்ளூ-ரேயில் இந்தியா சி, அமெரிக்கா, ஹாங்காங், கொரியா ஏ, ஐரோப்பா பி. இங்கே வாங்கிய பிளேயர் பூட்டியிருந்தால் அமெரிக்க டிஸ்க் ஓடாது. 'எல்லா மண்டலமும்' என்று டிஸ்க் விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். 4கே டிஸ்கில் மண்டலப் பூட்டு கிடையாது.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. டிவிடி 3, ப்ளூ-ரே ஏ என்று ஹாங்காங்கோடு ஒரே மண்டலத்தில் இருக்கிறீர்கள்.

கணினியில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தடவை எதில் நிற்கிறதோ அதுவே நிலைத்துவிடும்.

எந்தப் பதிப்பு? ஒரே பெட்டியில் ஐம்பது படம் என்று வரும் மலிவுப் பெட்டிகள் கவர்ச்சியாக இருக்கும். ஒரு டிஸ்கில் நாலைந்து படங்களைத் திணித்திருப்பார்கள், பிரிண்ட் மங்கல், பக்கங்கள் நறுக்கியவை. ஆனாலும் எது பிடிக்கும் என்று தெரியாத ஆரம்பக் கட்டத்தில் ஒரு பெட்டி வாங்குவது தப்பில்லை. பிடித்தது தெரிந்த பிறகு அந்தப் படத்தின் மீட்டெடுத்த ப்ளூ-ரேக்குப் போங்கள். மேலே சொன்ன ஆவணப்படத்தை எடுத்த செவரின் நிறுவனமே இந்தப் படங்களை மீட்டெடுத்து 'த கேம் ஆஃப் க்ளோன்ஸ்' என்ற தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது. பல படங்களுக்கு நெகட்டிவே மிஞ்சவில்லை என்பதால், எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

8. செலவு, சுங்கம், ஆவணங்கள்

இது இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்களுக்கு. டிஸ்கின் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது மொத்தச் செலவில் பாதி இருந்தால் அதிகம். கணக்கு இப்படிப் போகும்: டிஸ்க் விலையோடு அனுப்பும் கூலியைச் சேருங்கள். அந்தத் தொகைக்குச் சுங்க வரி. இரண்டையும் கூட்டிய தொகைக்கு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. கூலிக்கும் சேர்த்துத்தான் வரி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: டிஸ்க் 2,500 ரூபாய், கூலி 1,500, மொத்தம் 4,000. சுங்கம் 10 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்தால் 400 சேர்ந்து 4,400, அதற்கு மேல் 792, ஆக 5,192. உண்மையான விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஆர்டர் போடும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். கார்டில் வெளிநாட்டு நாணய மாற்றுக்கு வங்கி பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் எடுக்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கியிருக்கும், வங்கியின் ஆப்பில் போய் முன்கூட்டியே திறந்துவிடுங்கள். ஒரு டிஸ்க் வாங்குவதும் மூன்று டிஸ்க் வாங்குவதும் கூலியில் பெரிய வித்தியாசம் வராது, ஆகவே சேர்த்து வாங்குங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்: பான் அல்லது ஆதார் நகல், விற்றவர் கொடுத்த இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, ஆர்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். கூரியரில் வந்தால் சுங்கத்துக்கு முன்பே அடையாள ஆவணம் கேட்பார்கள். இரண்டு நாள் தாமதித்தால் பொட்டலம் அங்கேயே தூங்கும், கிடங்கு வாடகையும் ஏறலாம். அஞ்சலில் வந்தால் வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கம் பார்த்து வரி போட்டு அனுப்புவார்கள், தபால்காரரிடம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். கூரியர் ஒன்றிரண்டு வாரம் என்றால் அஞ்சல் பல வாரம் ஆகும். பண்டிகைக்கு முன் வாங்கி அனுப்பினால் இன்னும் இழுக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். விற்பவரே 'கிஃப்ட் என்று போட்டு அனுப்புகிறேன்' என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த வரி விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, பொய் அறிவிப்பு என்று பொட்டலம் மாட்டினால் நஷ்டம் உங்களுக்கு. இரண்டாவது, 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 50 ரூபாய் கட்டவும்' என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். கூரியரின் சொந்தத் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது, அட்டையிலேயே ஆபாசப் படம் இருக்கும் பதிப்புகளை இறக்குமதி செய்யாதீர்கள், அதை நிறுத்தி வைக்கச் சுங்கத்துக்கு அதிகாரம் உண்டு.

9. கைக்கு வந்ததும்

பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். உடைந்த டிஸ்குக்கு மாற்று கேட்க அதுதான் சாட்சி. மலிவுப் பெட்டிகளில் டிஸ்க் இரண்டு பக்கமும் பதிவாகியிருக்கும், கீறல் எளிதில் விழும். நடுவளையத்தில் பொடி எழுத்தில் எந்தப் பக்கம் என்று போட்டிருப்பார்கள்.

திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் ஒவ்வொரு படத்தையும் மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள்: டைட்டில், நடுவில் ஒரு சண்டை, கடைசிப் பத்து நிமிடம். அட்டையில் ஒரு படமும் உள்ளே வேறு படமும் இருப்பது இந்த வகையில் புதிதல்ல. அப்படி இருந்தால் டைட்டிலைப் புகைப்படம் எடுத்து, ஓடும் நேரத்தோடு விற்றவருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் பணம் திரும்பி வந்துவிடும், டிஸ்கைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். வந்தது என்ன படம் என்று உங்கள் தாளில் தேடிப் பாருங்கள், அந்தப் படம் பட்டியலில் இல்லையென்றால் புதிதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.